தோட்டப்புறப் பள்ளியில் கலையை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி?

பயிற்சிக் கழகத்தில் கலைவழிக் கற்பித்தல் பற்றி நாலு பாடம் கேட்டுவிட்டு, வண்ணத்தாளும் பசையும் பை நிறைய வாங்கிக்கொண்டு, மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா மாதிரி ஓர் ஊருக்கு முதல் வேலைக்கு வந்து இறங்குகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்ப்பலகையில்தான் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் பத்தாங் பெர்சுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுவில் சடக்கு, இரண்டு வரிசைக் கடை, கோயில், தமிழ்ப்பள்ளி. டியூஷன் நிலையத்தில் மாலையில் சொல்லிக்கொடுக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதில் பாதி உதவும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். தாவரத்தின் பாகங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்வதும், வாய்ப்பாட்டைச் சினிமா மெட்டில் பாடவைப்பதும் தப்பில்லை, பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள். ஆனால் அதில் கலை பாடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். நான் சொல்வது வேறு. அந்தக் கலையைச் செய்து முடிக்க வேண்டுமென்றால் அந்தப் பாடம் புரிந்தே ஆக வேண்டும், புரியாவிட்டால் கோலம் கோணிக்கொள்ளும், தாளம் தட்டிப்போகும், நிழல் கலங்கிப்போகும். அப்படி அமைந்த வேலையைத்தான் தேட வேண்டும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது: நீங்கள் எழுதிவைத்த பாடத்திலிருந்து கலையை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பாடம் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அந்தக் கலை அங்கே தேவையில்லை, வேறு யோசியுங்கள்.

வந்ததும் ஊரைச் சுற்றுங்கள்

முதல் இரண்டு வாரம் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். ஊரில் யார் யாருக்கு என்ன கை வரும் என்று விசாரியுங்கள். கோயில் திருவிழாவுக்கு உறுமி அடிக்கும் பையன்கள் எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள், வாசலில் இன்னும் புள்ளிக்கோலம் போடுகிற அம்மா யார், தோரணம் பின்னத் தெரிந்த தாத்தா யார், பால்மரம் (ரப்பர்) வெட்டிய காலத்துப் பாட்டுகளை நினைவு வைத்திருக்கிற பாட்டி யார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம் கேட்டால் ஒரே மாலையில் பாதிப் பேர் கிடைத்துவிடும், மீதிப் பேரைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். உங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற ஒரு பையன் உறுமிக் குழுவில் முன்வரிசையில் நின்று அடிப்பவனாக இருப்பான். அதை முதல் மாதத்திலேயே தெரிந்துவைத்திருப்பது உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

பட்டணத்துப் பள்ளியில் பார்த்த எதையாவது கொண்டுவந்து இறக்குவதைவிட இதுதான் நல்லது என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்குக் கலை ஏற்கனவே தெரிந்திருந்தால் பாடம் மட்டும்தான் புதிது. இரண்டுமே புதிது என்றால் ஒரு மணி நேரமும் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும்.

ஒரே ஒரு கற்றல் தரம்

பாடத்திட்ட ஆவணத்தைத் திறந்து, உங்கள் வகுப்பு எங்கே வழக்கமாகத் தடுக்கி விழுகிறதோ அந்த ஒரு கற்றல் தரத்தை, அதாவது பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருக்கிற ஒரே ஒரு வரியை, மட்டும் எடுங்கள். சுலபமாகப் புரிகிற பாடத்துக்கு இத்தனை மெனக்கெட வேண்டியதில்லை. நாள் பாடத்திட்டத்தில் நோக்கத்தை இரண்டு வரியாக எழுதுங்கள்: ஒன்று கணிதத்துக்கோ அறிவியலுக்கோ உரியது, இன்னொன்று கலைக்கு உரியது. "மாணவர்கள் கோலம் போடுவர்" என்பது நோக்கம் ஆகாது. "சமச்சீர்க் கோட்டை மாற்றாமல் கோலத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்குவர்" என்று எழுதினால் அதில் இரண்டு பாடமும் இருக்கும், தலைமையாசிரியர் கேட்டாலும் பதில் கையில் இருக்கும்.

ஒரு பாடவேளை 30 நிமிடம். அது போதாது, அடுத்தடுத்து இரண்டு வேளை வருகிற நாளாகப் பாருங்கள். இனி நான் நம்பிச் சொல்லக்கூடிய நாலு பாடங்கள்.

கோலத்தில் எண்

இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது, சுண்ணக்கட்டியும் தரையும் இருந்தால் போதும். நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைந்துகொண்டே போகிற நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள், கோடு இழுக்க விடாதீர்கள். மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பார்கள். சரி, இப்போது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு மாறி மாறிச் சிவப்பும் வெள்ளையும் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரே வரிசையிலும் பக்கத்துப் புள்ளி வேறு நிறம், மேல்கீழ்ப் புள்ளியும் வேறு நிறம். உச்சிப் புள்ளியைச் சிவப்பில் தொடங்கினால் சிவப்பு 16, வெள்ளை 9 வரும். அப்புறம் கோலத்தின் சாய்வான பக்கம் ஒன்றுக்கு நேராக வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புப் புள்ளிகள் நாலுக்கு நாலாகச் சதுரமாக நிற்கும், அந்தச் சதுரத்தின் கட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் மூன்றுக்கு மூன்றாக உட்கார்ந்திருக்கும். இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு வர்க்க எண் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டிய தேவை இருக்காது.

அடுத்த கேள்விதான் உண்மையான பாடம்: நடுவரிசை 9 ஆனால் மொத்தம் எத்தனை, புள்ளி வைக்காமல் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும், இருக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். 25ம் 16ம் சேர்ந்து 41 என்று யாராவது ஒருவர் சொல்லுவார், சொன்னவரையே வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வருகிற ஊடுபுள்ளிக் கோலம் கொடுக்கலாம்: நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4. அதில் 37 புள்ளி. அங்கே சதுரம் வராது, அறுகோணம் வரும், ஏன் என்று அவர்களே துருவட்டும்.

கோடு இழுக்கும் நேரத்தில் சமச்சீர் வரும். கண்ணாடித்துண்டு ஒன்றை நடுக்கோட்டில் நிறுத்தி, பாதிக் கோலமும் அதன் பிம்பமும் சேர்ந்து முழுக்கோலம் ஆகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து போகிற சிக்குக்கோலங்களில் சில இந்தச் சோதனையில் தேறாது, ஆனால் தாளைக் கால்வாசி சுற்றித் திருப்பினால் அதே கோலமாக இருக்கும். சுழற்சிச் சமச்சீரை ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தலைமையாசிரியர் இதைப் பெண்பிள்ளைகள் வேலை என்று நினைத்தால் ஒன்று சொல்லுங்கள்: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1974லேயே கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பையன்களையும் கட்டாயம் உட்காரவையுங்கள்.

கோலமாவு வாங்கினால் பச்சரிசி மாவாக வாங்காதீர்கள், வகுப்பறைக்குள் எறும்பு வந்துவிடும். மழைக்காலத்தில் அஞ்சடியிலேயே (வகுப்பு வாசல் நடைபாதையிலேயே) போடுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் இருந்தால் முந்தின நாளே பெற்றோரிடம் இது கணிதப் பாடம், பூஜை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் மறுப்பதில்லை, சொல்லாமல் விட்டால்தான் சங்கடம்.

தகதிமியும் தகிடவும்

பகுதி எண் வேறாக இருக்கிற பின்னங்களைக் கூட்டுவதில்தான் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டி 2/7 என்று எழுதிவைப்பார்கள், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே. ஆயிரம் தடவை சிவப்பு மையில் திருத்தினாலும் மறுபடி அதேதான்.

12 எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு "தகதிமி" சொல்லட்டும், நாலு எழுத்து, மூன்று தடவை சொன்னால் சுற்று நிறைந்துவிடும். அப்படியானால் ஒரு தகதிமி சுற்றில் மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு குழு "தகிட" சொல்லட்டும், மூன்று எழுத்து, நாலு தடவையில் நிறையும். ஒரு தகிட நாலில் ஒரு பங்கு. இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மேசையைத் தட்டினால், நடுவில் மாறி மாறி விழுகிற தட்டு அடுத்த சுற்றின் முதல் எழுத்தில்தான் ஒன்றாக விழும். அந்த ஒற்றைத் தட்டுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். பொதுப்பகுதி எண் என்று புத்தகம் சொல்வது அந்த இடத்தைத்தான்.

இப்போது ஒரு தகதிமியையும் ஒரு தகிடவையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை எழுத்து? ஏழு. சுற்றில் மொத்தம்? பன்னிரண்டு. பலகையில் 7/12 என்று எழுதுங்கள், 2/7ஐயும் பக்கத்தில் எழுதி, எது சரி என்று கைத்தட்டியே நிரூபிக்கச் சொல்லுங்கள். உறுமி அடிக்கிற அந்தப் பையன்தான் முதலில் பிடிப்பான். அவனையே முன்னால் நிறுத்தித் தாளம் போடவையுங்கள், கணித வகுப்பில் அவனுக்கு இப்படி ஒரு இடம் அதுவரை கிடைத்திருக்காது.

உறுமிக் குழுவினரையே வகுப்புக்கு அழைக்கலாம், வருவார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாமி அழைப்பதற்கென்று உள்ள அடியை வகுப்பறையில் அடிக்கச் சொல்லக் கூடாது. அது வழிபாட்டுக்கு உரியது, பெற்றோரும் விரும்பமாட்டார்கள், பயப்படுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். எந்த அடி வேண்டும் என்பதைக் குழுத் தலைவரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். பக்கத்து வகுப்புக்கும் சொல்லிவிடுங்கள், பலகைத் தடுப்புச் சுவர் சத்தத்தைத் தடுக்காது.

நிழலும் ஒளியும்

கிளந்தானின் வாயாங் கூலிட்டும் நம் தோல்பாவைக் கூத்தும் இரண்டுமே இராமாயணக் கதையை நிழலில் சொல்பவை. ஒளி நேர்க்கோட்டில் செல்லும், ஒளிபுகாப் பொருளால் நிழல் உண்டாகும் என்ற பாடத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டி ஒன்றைக் கயிற்றில் இறுக்கிக் கட்டி, மைலோ டின் வருகிற அட்டைப்பெட்டியை வெட்டிப் பாவை செய்து, ஈர்க்குச்சியில் ஒட்டினால் தீர்ந்தது. பாவை அழகாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், அதில் ஒரு வாரம் போய்விடும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய சிக்கல் இதுதான்: இராவணன் அனுமனைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும், ஆனால் இரண்டு பாவையும் ஒரே அளவு, புதிதாக வெட்டக் கூடாது. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார்கள், விளக்குக்குப் பக்கத்தில் போனால் நிழல் பெரிதாகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்போது அளவுகோலை எடுங்கள். விளக்குக்கும் துணிக்கும் 100 சென்டிமீட்டர். பாவை விளக்கிலிருந்து 50 சென்டிமீட்டரில் நின்றால் நிழல் இரண்டு மடங்கு, 25இல் நின்றால் நாலு மடங்கு. அட்டவணை போடச் சொல்லுங்கள், 20 சென்டிமீட்டரில் எத்தனை மடங்கு என்று ஊகிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் அளக்கவிடுங்கள். கதை நடத்த வேண்டும் என்பதற்காகவே அளவை ஒழுங்காக எடுப்பார்கள், ஏனென்றால் அளவு தப்பினால் இலங்கேஸ்வரன் அனுமனின் இடுப்பளவுக்குக்கூட வரமாட்டான்.

விளக்கு விஷயத்தில் கவனம். கைத்தொலைபேசியின் சின்ன விளக்குதான் சரி, ஒரு புள்ளியிலிருந்து ஒளி வருவதால் நிழலின் ஓரம் வெட்டினாற்போல் விழும். குழல்விளக்கு, பெரிய டார்ச்லைட் எல்லாம் ஓரத்தைக் கலக்கிவிடும். முடிந்தால் அதையும் ஒரு தடவை காட்டி ஏன் என்று கேளுங்கள்.

வரலாற்றை உறைய வைத்தல்

வரலாறு நாலாம் ஆண்டில் தொடங்குகிறது, அப்போதே பல பிள்ளைகளுக்கு அது ஆண்டுகளை மனப்பாடம் செய்கிற பாடமாகிவிடுகிறது. இந்த ஊர்களில் இருந்துகொண்டு அப்படி நடக்கவிடுவது எனக்குப் பொறுக்காத விஷயம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. அதற்கு 40 ஆண்டுக்கு முன்னால், 1877இல், ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் கன்றுகளிலிருந்து இந்தப் பிள்ளைகளின் பாட்டனார் கப்பல் ஏறியது வரை ஒரே கதை.

முழுநாடகம் வேண்டாம், வசனம் மனப்பாடம் செய்வதிலேயே மாதம் போய்விடும். உறைநிலைக் காட்சி போதும்: நாலைந்து பேர் ஒரு கணத்தைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் ஒருவர் தோளைத் தொட்டால் அவர் மட்டும் தன் மனத்தில் ஓடுவதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். எந்தக் கணம் என்பதில்தான் பாடமே இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: சைக்கிளில் போகிற தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இந்த ஒன்றை எடுங்கள். சைக்கிளில் ஒருவர், எதிரே துரை, பின்னால் கிராணி (தோட்டத்து எழுத்தர்), ஓரத்தில் ஒரு சிறுபிள்ளை. இறங்கலாமா வேண்டாமா என்கிற அந்தக் கணத்தில் உறைய வேண்டும். சிறுபிள்ளையாக நிற்பவரின் தோளைக் கடைசியாகத் தொடுங்கள்.

அடித்தது, உதைத்தது, திட்டியது எதையும் நடிக்கவைக்காதீர்கள். சிரிப்பாக மாறிவிடும், அல்லது அந்தப் பாத்திரம் எடுத்த பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். தொழிலாளி, கங்காணி, துரை யாராக யார் நிற்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பாதியில் பாத்திரத்தை மாற்றுங்கள். சாதி பற்றிய பேச்சு வீட்டிலிருந்து வரலாம். வந்தால் அமுக்கிவிடாமல், அந்தக் காலத்தில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அது எப்படி இருந்தது, இன்று ஏன் கூடாது என்று நேராகப் பேசுங்கள்.

காட்சிக்கு முந்தின வாரம் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டுவரச் சொல்லலாம்: காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) எத்தனை மணிக்குப் போனீர்கள், அங்கே என்ன நடந்தது? பத்துக் கேள்வி கொடுத்தால் ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் வராது.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

கோலம் அழகாக வந்ததற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை பதியும்போது, கணிதத்தைக் கணிதமாக மட்டும் பாருங்கள். கைநடுக்கத்தோடு கோணலாகப் போட்ட பிள்ளை 41ஐச் சரியாகச் சொல்லியிருந்தால் அது முழுத் தேர்ச்சி. வேலை முடிந்த அன்றே கலை எதுவும் இல்லாமல், வெறும் தாளில் மூன்று கேள்வி கொடுங்கள். அப்புறம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அதே மாதிரி மூன்று கேள்வி. இந்த இரண்டாவது தாளை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மாரியாலே ஹார்டிமன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பு அறிவியலைக் கலையோடு படித்தவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது பாடம் முடிந்து வாரக்கணக்கான பிறகு நினைவில் நின்றதில்தான், அதுவும் வாசிப்பில் பின்தங்கியவர்களிடம் கூடுதலாக. நம் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் இதில் இவ்வளவு அக்கறை.

இரண்டாவது தாளிலும் பாதிக்குமேல் தப்பு என்றால் அந்தக் கலை அந்தப் பாடத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், விட்டுவிட்டு வேறு எடுங்கள். எல்லாப் பாடத்துக்கும் இது தேவையுமில்லை. நெடுவகுத்தல் பழக வேண்டுமா, உட்கார்ந்து இருபது கணக்குப் போடட்டும். ஒரு தவணைக்கு இரண்டு பாடம் இப்படி நடத்தினாலே போதும்.

இன்னொன்று, பள்ளி விழா. வகுப்பில் நன்றாக வந்த நிழற்கூத்தைப் பரிசளிப்பு விழாவில் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். கேட்டால், அளவுகோலோடும் அட்டவணையோடும் அப்படியே மேடையேற்றலாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பெற்றோர் வந்து பார்க்கட்டும், இராவணன் எப்படிப் பெரிதானான் என்று பிள்ளை விளக்கட்டும். உடை, ஒப்பனை, ஒத்திகை என்று இறங்கினால் மூன்று வாரப் பாடவேளை காணாமல் போகும், மிஞ்சுவது கைத்தட்டல் மட்டும்தான்.

மாணவர் குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்த வேண்டி வந்தால் பயப்படாதீர்கள், இந்த முறைக்கு அது வசதிதான். பெரியவர்கள் புள்ளிக் கணக்கை ஊகிக்கட்டும், சின்னவர்கள் நிறம் கொடுத்து எண்ணிச் சரிபார்க்கட்டும்.

கடைசியாக, ஒரு கோப்பு போடுங்கள். எந்தப் பாடம், எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே சிக்கியது, ஊரில் யாரைக் கேட்டால் உறுமி கிடைக்கும், எந்தப் பாட்டி பேசுவார், எல்லாவற்றையும் கையாலேயே எழுதி ஆசிரியர் அறை அலமாரியில் வையுங்கள். உங்களுக்கு மாற்றல் வந்துவிடும். அடுத்து வருகிறவர் ஊரைத் தெரிந்துகொள்ளவே மறுபடி ஆறு மாதம் செலவழிக்க வேண்டாம்.